சதுப்பு நிலத்தில் யார் ஆக்கிரமிப்பாளர்?

மழை ஓய்ந்ததும் சென்னையில் இயற்கை நடைகளின் காலம் தொடங்கிவிடும். பள்ளிக்கரணையில் பறவை நோக்கல், பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஆமை நடை, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏரித் தூய்மைப் பணி, பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு என்று வாட்ஸப் குழுக்களில் அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். நம் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் கேட்பார்கள்: "தோழர், இதுக்கெல்லாம் நாம போகணுமா? இது நம்ம வேலையா?"

போக வேண்டும் என்பதே என் பதில். ஆனால் வரிசையின் கடைசியில் நின்று அவர்கள் காட்டுகிற திசையில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதற்காகப் போக வேண்டாம். இந்த நகரத்தில் சூழல் பாதுகாப்பு என்று தொடங்கிய பெரிய வேலைகள் பலவும் நம் மக்களை அப்புறப்படுத்துவதிலிருந்தே தொடங்கியிருக்கின்றன. ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி நம்மைக் கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தில் இறக்கினார்கள். இப்போது அந்தச் சதுப்பு நிலத்தைக் காப்பாற்றப் புறப்பட்டிருக்கிறார்கள். அடுத்து யாரை நோக்கி விரல் நீளும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. அந்த விரல் நீளும் நாளில் அங்கே நாமும் இருக்க வேண்டும். கையில் நம்முடைய வரைபடமும் நம்முடைய கணக்கும் இருக்க வேண்டும்.

சதுப்பு நிலத்தின் கணக்கு

முதலில் நிலத்தைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்வோம். தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் மழைநீர் பள்ளிக்கரணையில் வந்து தேங்குகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் போகிறது. மழைக்காலத்தில் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடுவதும், நிலத்தடி நீரை ஊறச் செய்வதும் இந்த நிலத்தின் வேலை. நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, நீளவால் இலைக்கோழி, கூழைக்கடா, பூநாரை எல்லாம் இங்கே இருப்பது, கோரையும் ஆழமில்லாத நீரும் அவற்றுக்குத் தீனியும் மறைவும் தருவதால்தான்.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் நிலம் இது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். மிச்சத்தை விழுங்கியது யார்?

பெருங்குடியில் மாநகராட்சியே பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பையைச் சதுப்பு நிலத்திலேயே கொட்டியது. அரசு ஆய்வு நிறுவனங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. சாலைகள் நிலத்தைக் குறுக்கே வெட்டின. பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்ப வழித்தடமாக மாறியபோது கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் அவற்றுக்கான வாகன நிறுத்தங்களும் வந்தன. இவை எல்லாமே முறையான கோப்பு, முறையான கையெழுத்து, முறையான முத்திரையோடு வந்தவை. குடிசை போட்டு யாரும் பள்ளிக்கரணையை அழிக்கவில்லை. அதை அழித்தது திட்டமிடல்.

பிறகு நம் மக்கள் வந்தார்கள். வந்தார்கள் என்று சொல்வது தவறு, லாரிகளில் கொண்டுவரப்பட்டார்கள். 2000-இல் கண்ணகி நகர், அதன் பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் முதலில் கட்டப்பட்டவை மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகளாக 20,000-க்கும் மேல். கண்ணகி நகர் இருப்பது ஒக்கியம் மடுவு ஓடுகிற ஒக்கியம் துரைப்பாக்கத்தில். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்நிலம். வெள்ளம் வடியும் பாதையில் வீடு கட்டக் கூடாது என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அதே பாதையில்தான் அரசாங்கம் ஒரு சிறு நகரத்தையே கட்டி, நகரத்தின் ஏழைகளை, அவர்களில் பெரும்பகுதியாக உள்ள தலித் மக்களை, அதற்குள் குடியேற்றியது. 2015-இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதிகள் நீரில் நின்றன. அங்குள்ளவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை என்பது பள்ளி விடுமுறை, வேலை இழப்பு, பாம்பு, நின்றுபோன மின்தூக்கி.

ஆற்றைச் சுத்தப்படுத்துவது என்றால்

இந்த மக்கள் எங்கிருந்து அனுப்பப்பட்டார்கள்? கூவம் கரையிலிருந்து, அடையாற்றின் கரையிலிருந்து, பக்கிங்காம் கால்வாயின் கரையிலிருந்து. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது மக்கள் இருந்த இடத்திலேயே, அல்லது அதன் அருகிலேயே, மாடி வீடு கட்டித் தருவதுதான் நோக்கமாக இருந்தது. நகரின் நடுவில் இன்றும் நிற்கும் பழைய வாரியக் குடியிருப்புகள் அதற்குச் சாட்சி. மனை விலை ஏறியது, பார்வை மாறியது. இருந்த இடத்தில் வீடு என்பது போய், நகருக்கு வெளியே வீடு என்று ஆனது. 2021-இல் வாரியத்தின் பெயரையும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். மக்களை அனுப்பிய திசை மாறவில்லை.

சத்தியவாணி முத்து நகரை எடுத்துக்கொள்ளுங்கள். திமுக ஆட்சியில் அமைச்சராக இருந்தவர், பின்னர் அந்தக் கட்சி தாழ்த்தப்பட்டோரைக் கைவிடுகிறது என்று குற்றம்சாட்டி வெளியேறித் தனி இயக்கம் கண்டவர் சத்தியவாணி முத்து. அவர் பெயரைத் தாங்கிய குடியிருப்பு சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே கூவம் கரையில் இருந்தது. 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், கூவம் சீரமைப்புத் திட்டத்துக்காக அதை இடிக்கத் தொடங்கினார்கள். குடும்பங்களை 25 கிலோமீட்டருக்கும் அப்பால் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தாய்மார்களின் வீட்டு வேலை, பூக்கடை, மீன் கூடை, ரயில் நிலையத்துச் சுமை வேலை எல்லாம் சென்ட்ரலைச் சுற்றியே இருந்தன. பிள்ளைகளின் பள்ளியும் அங்கேதான் இருந்தது. பெரும்பாக்கத்திலிருந்து எழும்பூருக்குப் பேருந்தில் வந்து, மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்பும் ஒரு பெண்ணின் நாளில் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கூவத்தைக் கூவமாக்கியது யார் என்பதையும் கேட்க வேண்டும். ஒரு பொதுக் குழாயில் வரிசையில் நின்று குடம் குடமாகத் தண்ணீர் பிடிக்கிற குடும்பத்திடம் ஆற்றை நாசமாக்கும் அளவுக்குக் கழிவுநீர் எங்கிருந்து வரும்? சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் விழுவது நகரம் முழுவதின் கழிவுநீர். குளியல் தொட்டியும் சலவை இயந்திரமும் உள்ள வீடுகளின் கழிவுநீர் குழாய் வழியே, கண்ணுக்குத் தெரியாமல் ஆற்றுக்கு வருகிறது. கரையில் குடியிருந்தவர்களின் வறுமை கண்ணுக்குத் தெரிந்தது. அழுக்கு என்று முடிவு செய்யப்பட்டது அதுதான். கேரன் கோயல்ஹோ, நித்யா ராமன் இருவரும் 2010-இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் சென்னையின் நீர்வழிகளை ஒட்டிய வெளியேற்றங்களைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். நகரத்தின் நீர்நிலைச் சீரழிவுக்குக் குடிசைவாசிகள் எப்படிப் பலியாடு ஆக்கப்படுகிறார்கள் என்பது அதில் விளக்கமாக இருக்கிறது.

ஒரு சொல்லின் அரசியல்

'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். 1920-களில் மாம்பலத்தின் பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. அங்கே பட்டுப் புடவை வாங்கப் போகிறவர் யாரும் ஆக்கிரமிப்புக்குள் நுழைவதாக நினைப்பதில்லை. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று பெயர் இருக்கிறது, ஏரி இல்லை. அந்த ஏரிப் பகுதியில்தான் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. பக்கிங்காம் கால்வாய்க்கு உள்ளேயே தூண்களை இறக்கிப் பறக்கும் ரயிலை ஓட்டுகிறார்கள். ஒரு கால்வாயின் அகலத்தைக் குறுக்கி அதன் நடுவில் ரயில் நிலையம் கட்டினால் அதற்குப் பெயர் போக்குவரத்து வசதி. அதே கால்வாயின் கரையில் ஓலைக் கூரை போட்டால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், அதே பக்கிங்காம் கால்வாயின் கரையில் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மக்களின் வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடித்தார்கள். அந்த நாட்களில் அங்கே வாழ்ந்த முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். கால்வாய் மீட்பு என்ற சொல்லை இனி எங்கே கேட்டாலும் அந்த மரணத்தை நினைவில் வையுங்கள்.

இதன் மறுபக்கத்தைப் பெரும்பாக்கத்திலேயே பார்க்கலாம். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பள்ளிக்கரணை ராம்சார் எல்லையைக் களத்தில் அளந்து முடிக்கும் வரை, எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய திட்ட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. அடுத்த மாதமே பெரும்பாக்கத்தில் ராம்சார் நிலத்துக்குள் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்கு அனுமதி வழங்கப்பட்டதாகப் புகார் வெடித்து, சென்னை உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தச் சண்டை முழுவதும் சர்வே எண், பட்டா, எல்லைக்கோடு பற்றியது. கட்டுமான நிறுவனத்துக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், வாதிட நாள் இருக்கிறது. கோவிந்தசாமி நகருக்குப் பொக்லைன்தான் வந்தது.

எனவே ஆக்கிரமிப்பு என்பது ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்த சொல்லாக இல்லை. அவரிடம் என்ன காகிதம் இருக்கிறது என்பதைப் பொறுத்த சொல்லாக இருக்கிறது. காகிதம் யாரிடம் இருக்கும் என்பதை இந்த மண்ணில் சாதி நெடுங்காலமாகத் தீர்மானித்து வந்திருக்கிறது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பறையர் மக்களுக்கு நிலம் இல்லாத கொடுமையை அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள்தாம். நிலமற்றவர்களாக ஆக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பிழைப்புக்காக நகரத்துக்கு வந்து, யாரும் விரும்பாத ஆற்றங்கரையில் குடிசை போட்டார்கள். ஆற்றங்கரைக்கு விலை வந்ததும், மறுபடியும் யாரும் விரும்பாத தாழ்நிலத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

கிராமத்தில் ஊர் மேட்டில் இருக்கும், சேரி பள்ளத்தில் இருக்கும், ஊரின் கழிவு சேரி வழியே ஓடும். சென்னை இந்த வரைபடத்தைக் கைவிடவில்லை. அளவை மட்டும் பெரிதாக்கியது.

யார் சுத்தம் செய்கிறார்கள்?

ஏரித் தூய்மைப் பணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இளைஞர்கள் ஞாயிறு காலையில் எழுந்து வந்து பிளாஸ்டிக் பொறுக்குவதை நான் கேலி செய்யப் போவதில்லை. வீட்டில் படுத்திருப்பதைவிட அது மேல். ஆனால் அப்படி ஒரு நிகழ்வில் நான் கண்டதைச் சொல்கிறேன். தன்னார்வலர்களுக்குக் கையுறை, முகக்கவசம், தொப்பி, சிற்றுண்டி எல்லாம் கொடுத்தார்கள். இரண்டு மணி நேர வேலை முடிந்ததும் மூட்டைகளைச் சாலையோரம் அடுக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். மறுநாள் காலை அந்த மூட்டைகளை வண்டியில் ஏற்றியவர்கள் மூன்று பெண்கள். ஒருவர் கையிலும் கையுறை இல்லை. முந்தைய நாள் எடுத்த எந்தப் படத்திலும் அவர்கள் இல்லை.

இந்த நகரத்தின் மிகப் பெரிய சூழல் பணியாளர்கள் அவர்கள்தாம். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் நம் பெண்கள். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றி மரியாதை செய்ததாகச் சொன்னார்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் கொடுக்கப்பட்டதை எதிர்த்து அந்தப் பெண்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். வேலையைத் தனியாரிடம் தராதே, பல ஆண்டு உழைத்த எங்களை நிரந்தரமாக்கு, வாங்குகிற கூலியைக் குறைக்காதே என்று கேட்டார்கள். அது நடைபாதை, போராட்டத்துக்கு அனுமதி பெற்ற இடமில்லை என்று நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து பேருந்துகளில் ஏற்றினார்கள். இந்த நகரத்தின் நடைபாதைகளைத் தினமும் பெருக்குகிறவர்கள் ஒரு நடைபாதையில் உட்கார்ந்தால் அதுவும் ஆக்கிரமிப்பாகிவிடுகிறது.

கழிவு பிரித்தல் பற்றியும் மக்கும் குப்பை பற்றியும் நமக்கு வகுப்பெடுக்கும் குழுக்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த 13 நாட்களில் நீங்கள் எத்தனை பேர் அங்கே வந்தீர்கள்? வந்தவர்கள் உண்டு, அவர்கள் நம் தோழர்கள். வராதவர்களுக்குக் குப்பையைப் பற்றிப் பேசத் தெரியும், குப்பை அள்ளுகிறவரைப் பற்றிப் பேசத் தெரியாது.

"பறவையிலும் சாதியா?"

இப்படிப் பேசினால் உடனே வரும் பதில் இது. "இயற்கை எல்லோருக்கும் பொது. இங்கேயும் சாதியைக் கொண்டுவராதீர்கள்."

இயற்கை எல்லோருக்கும் பொதுவாக இருந்திருந்தால் அம்பேத்கர் மகாடுக்குப் போக வேண்டியிருந்திருக்காது. 1927 மார்ச் 20 அன்று சவுதார் குளத்தில் அவரும் ஆயிரக்கணக்கான தலித் மக்களும் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அது நகராட்சியின் பொதுக் குளம். சட்டப்படி எல்லோருக்கும் திறக்கப்பட்ட குளம். விலங்கு குடிக்கலாம், பறவை குடிக்கலாம், நாம் குடித்தால் தீட்டு. அவர்கள் போன பிறகு சாதி இந்துக்கள் 108 பானைகளில் பால், தயிர், சாணம், கோமியம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். யார் அழுக்கு, எது சுத்தம் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அன்றைய கேள்வி. கூவத்தின் கரையிலும் அதே கேள்விதான் நிற்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுச்சூழல் சட்டங்கள் என்று கல்லூரியில் பட்டியல் தருவார்கள்: நீர் மாசுத் தடுப்புச் சட்டம், காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அந்தப் பட்டியலில் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்காது. ஆனால் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவது அந்தச் சட்டத்தின்படி குற்றம். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை நாம் வன்கொடுமை என்றோம். அது நீர் மாசும்தான். ஏரிப் பாதுகாப்புக் கூட்டங்களில் அது ஒரு நீர்ப் பிரச்சினையாகப் பேசப்பட்டதை நான் கேட்டதில்லை. அதே சட்டத்தில் பட்டியல் சாதியினரை வீட்டைவிட்டு வெளியேறக் கட்டாயப்படுத்துவதும் குற்றம். ஆனால் அரசுக் கடமையின் பேரில் செய்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்ற விலக்கும் அங்கேயே இருக்கிறது. ஆற்றுச் சீரமைப்புக்கு வந்த பொக்லைன்கள் எல்லாம் அரசுக் கடமையின் பேரில் வந்தவைதாம். சட்டம் படிக்கும் தோழர்கள் இந்த விலக்கைப் பற்றி எழுத வேண்டும், வாதிட வேண்டும்.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும். "வீடில்லாதவனுக்கு நாரை எதற்கு? சூழலியம் மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு. நாம் வீடு, வேலை, படிப்பைப் பார்ப்போம்." இதையும் நான் ஏற்கவில்லை. சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க வெள்ளம் முதலில் நுழைவது செம்மஞ்சேரித் தரைத்தளத்துக்குள். பெருங்குடிக் குப்பை மேடு எரிந்தால் புகை போவது சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கு. கொடுங்கையூரில் குப்பை எரி உலை கொண்டுவரும் திட்டத்தை வடசென்னை மக்கள் தெருவில் இறங்கி எதிர்ப்பது, தங்கள் பிள்ளைகளின் நுரையீரலுக்காக. சூழல் நமக்குப் பொழுதுபோக்காக இருந்ததே இல்லை. பள்ளிக்கரணை அழிவதால் அதிகம் இழப்பவர்கள் நாம். அது பிழைப்பதால் அதிகம் பெற வேண்டியவர்களும் நாம். அதை வேறு யாரிடமும் விட்டுவிட முடியாது.

செய்ய வேண்டியவை

ஒன்று, வெள்ளக் கோடு வரையுங்கள். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் ஒவ்வொரு பிளாக்கிலும் 2015-இல் தண்ணீர் எதுவரை நின்றது, 2023-இல் எதுவரை நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்று பாட்டிகளிடமும் கடைக்காரர்களிடமும் கேளுங்கள். சுவரில் குறித்துப் படம் எடுத்து வரைபடமாக்குங்கள். நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் நிபுணர் அறிக்கை பேசும் இடத்தில் நம் மக்களின் நினைவும் ஆவணமாகப் பேச வேண்டும்.

இரண்டு, தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். ராம்சார் எல்லைக்குள் வரும் சர்வே எண்கள் எவை, அவற்றில் யார் யாருக்குத் திட்ட அனுமதி தரப்பட்டிருக்கிறது, அரசு நிறுவனங்கள் எத்தனை ஏக்கர் வைத்திருக்கின்றன என்று கேளுங்கள். வரும் பதிலை ஏக்கர் கணக்கில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி வெளியிடுங்கள். ஆக்கிரமிப்பை அகற்றுவதென்றால் அந்தப் பட்டியலின் மேலிருந்து தொடங்கட்டும்.

மூன்று, பறவை நடை நம் வீட்டு வாசலிலிருந்து புறப்படட்டும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எந்த இடத்திலும், மொட்டை மாடியிலிருந்துகூட, 15 நிமிடம் பார்த்துப் பதிவு செய்யலாம். பெரும்பாக்கத்து எட்டாவது மாடியைவிடச் சிறந்த கோபுரம் வேறு எங்கே இருக்கிறது? அரசுப் பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை இருக்கிறது. அந்த ஆசிரியர்களோடு பேசுங்கள். பள்ளிக்கரணைப் பறவைகளின் தரவில் கண்ணகி நகர்ப் பிள்ளைகளின் பெயர்கள் ஆண்டுதோறும் ஏறட்டும். இந்த நிலத்தை அறிந்தவர்கள், பதிவு செய்தவர்கள் என்று இருப்பவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லித் துரத்துவது அவ்வளவு எளிதல்ல. அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பூநாரைக் கூட்டம் எழும்பிப் பறப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு உரிமை உண்டு. அதற்கு வேறு எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு, தூய்மைப் பணிக்கு அழைத்தால் நிபந்தனையோடு போங்கள். அந்தப் பகுதித் தூய்மைப் பணியாளர்கள் விருந்தினராக அல்ல, வழிநடத்துகிறவர்களாக அழைக்கப்பட வேண்டும். அன்றைய கூடுதல் வேலைக்கு அவர்களுக்குக் கூலி தரப்பட வேண்டும். தன்னார்வலருக்குத் தரும் பாதுகாப்புப் பொருட்கள் அவர்களுக்கும் தரப்பட வேண்டும். அழைப்பவர்கள் தனியார்மயத்துக்கு எதிராகக் கையெழுத்திடத் தயாரா என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து முடிவெடுங்கள்.

ஐந்து, மேலாண்மைத் திட்டத்தில் இடம் கேளுங்கள். ராம்சார் நிலத்துக்கு ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம் வேண்டும் என்பது விதி. அதை எழுதும் மேசையில் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் பறவை ஆர்வலர்களும் இருப்பார்கள். மறுகுடியமர்வுப் பகுதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளும், அவர்களில் பாதிப் பேர் பெண்களாகவும், இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் ஒரு வரி தெளிவாக எழுதப்பட வேண்டும்: அரசே கொண்டுவந்து குடியமர்த்திய மக்களைச் சதுப்பு நிலப் பாதுகாப்பின் பேரில் மீண்டும் வெளியேற்றக் கூடாது, அவர்களின் வீடுகளை வெள்ளத்திலிருந்து காப்பதும் வீட்டுக்கான உரிமைப் பத்திரம் தருவதும் பாதுகாப்புத் திட்டத்தின் பகுதி.

இந்த ஐந்தில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. நோட்டு, செல்பேசி, பத்து ரூபாய்க் கட்டணம், விடாப்பிடி இருந்தால் போதும். அடுத்த மழைக்கு முன்பு ஒவ்வொரு பகுதியிலும் வெள்ளக் கோட்டு வரைபடத்தை முடித்துவிடுவோம். அடுத்த பொங்கலுக்குப் பெரும்பாக்கத்தின் மொட்டை மாடிகளிலிருந்து பறவைகளை எண்ணுவோம். சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வருகிறவர்கள் யாராக இருந்தாலும், இனி நம்மிடம் பேசிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஜெய்பீம்.